தண்டனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே: பந்தல்குடி வட்டாரத்தில் மாணவர் போதைப் பழக்கமும் கல்லூரி விதிகளும்

முன்னுரை

கல்லூரியில் சேரும் நாளில் மாணவரும் பெற்றோரும் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். மது, போதைப்பொருள் பற்றி அதில் வழக்கமாக இரண்டே செய்திகள்தான் இருக்கும். பயன்படுத்தக் கூடாது, மீறினால் கல்லூரியை விட்டு நீக்கப்படுவார். பழக்கத்தில் சிக்கிக்கொண்ட மாணவர் யாரிடம் போக வேண்டும், போனால் அவருக்கு என்ன பாதுகாப்பு, விற்றவருக்கும் வாங்கிக் குடித்தவருக்கும் ஒரே தண்டனையா, கல்லூரியின் கடமை என்ன என்ற கேள்விகளுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலத்தை, குறிப்பாகப் பந்தல்குடியைக் களமாகக் கொண்டு அந்த விதியின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் போதைப்பொருளை விற்பவர், பயன்படுத்துபவர், அதற்கு அடிமையானவர் என மூவரையும் பிரித்தே பார்க்கின்றன. கல்லூரி விதி மூவரையும் ஒரே வரியில் அடக்கி ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்புகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் படிக்கும் மானாவாரி நிலத்தில் இந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கிறது. எனவே விதி சட்டத்தின் பிரிவினையைப் பின்பற்ற வேண்டும். கடமையை மாணவர் தலையில் மட்டும் சுமத்தாமல் நிறுவனத்தின் மீதும் சுமத்த வேண்டும் என்பது இங்கே நிறுவப்படும் கருத்து.

1. ஆய்வுக் களம்

1.1 நிலமும் பிழைப்பும்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது பந்தல்குடி. சுற்றிலும் கரிசல். கண்மாய் நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய். மழை பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. பந்தல்குடிச் சுரங்கத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல், விருதுநகர் அருகே ராமசாமி ராஜா நகரிலுள்ள சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அருப்புக்கோட்டையில் விசைத்தறியும் நூற்பாலையும். மேற்கே சாத்தூர், சிவகாசி பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும். வேலை பெரும்பாலும் உடலை முறிக்கும் வேலை. சாயங்காலம் உடல் வலிக்கு ஒரு ‘கட்டிங்’ என்பது அப்பாக்களின் தலைமுறையில் இயல்பாகிப்போன வழக்கம். அந்த வீடுகளிலிருந்துதான் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். இவர்களில் பலருக்குக் குடி அறிமுகமாவது கல்லூரி நண்பர்களிடம் அல்ல, வீட்டுத் திண்ணையில்.

1.2 கல்லூரியும் பேருந்தும்

அருப்புக்கோட்டையின் தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு சத்திரிய கல்லூரியும் நெசவும் வணிகமும் செய்த சமூகங்கள் தங்கள் முயற்சியால் எழுப்பியவை. 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம், இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், இந்த வட்டாரக் கலைக் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்குகிறது. இங்கே பேசப்படுவது எந்த ஒரு கல்லூரியின் குறையும் அல்ல. தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் பொதுவாகக் காணப்படும் விதியின் அமைப்பே நம் பொருள்.

விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இங்கே குறைவு. பந்தல்குடியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் காலையில் டவுன் பஸ் ஏறி, மாலையில் திரும்புகிறவர்களே அதிகம். இந்த ஒரு செய்தி நம் ஆய்வுக்கு மிக முக்கியம். பல்கலைக்கழகப் போதை விதிகளின் முன்மாதிரிகள், இரவும் பகலும் மாணவர் தங்கும் வளாகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கோ மாணவர் வளாகத்துக்குள் இருப்பது சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் பேருந்து நிலையம், டீக்கடை, சாலையோரம், ஊர். ‘வளாகத்துக்குள்’ என்று தொடங்கும் விதி, அந்த மாணவரின் நாளில் கால் பங்கைக்கூடத் தொடுவதில்லை.

2. வரலாற்றுப் பின்னணி

2.1 அரசு கடைக்காரரான கதை

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் மு. கருணாநிதி அரசு விலக்கைத் தளர்த்தி, 1974இல் மீண்டும் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி தளர்த்தியது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இன்று கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் மாணவர் பிறக்கும்போதே அரசு கடைக்காரராகியிருந்தது. ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி வருவாய் தரும் வணிகம் அது. மாணவரிடம் ‘குடிக்காதே’ என்று சொல்லும் அரசும், தெருமுனையில் விற்கும் அரசும் ஒன்றே என்பதை அவர் அறிவார். விதியை எழுதுபவர்கள் இந்த முரணை மறைத்துவிட்டுப் பேசினால், விதியின் மேல் மாணவருக்கு மதிப்பு பிறக்காது.

2.2 எதிர்த்து நின்ற மாணவர்கள்

2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறி நடத்திய போராட்டத்தில் இறந்தார். அடுத்த சில நாள்களில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்கு முன்பிருந்தே மதுரையில் சட்டம் படித்த நந்தினி, தந்தையோடு சேர்ந்து மதுவிலக்குக் கோரித் தொடர்ந்து போராடிக் கைதாகிக்கொண்டிருந்தார். மாணவர் என்றாலே போதையில் விழக்கூடியவர் என்று எடுத்துக்கொள்ளும் விதி, இந்த வரலாற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. விதியை வகுக்கும் குழுவில் மாணவருக்கு இடம் வேண்டும் என்ற பரிந்துரைக்கு இதுவே அடிப்படை.

3. நடப்புச் சட்டம்

3.1 மது: வயதும் தூரமும்

தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் 2003இன்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. இளநிலைப் பட்டம் படிப்பவர் பொதுவாக 17இலிருந்து 20 வயதுக்குள் இருப்பவர். ஆகவே பட்டப்படிப்பின் மூன்றாண்டும் அவர் சட்டப்படி மது வாங்க முடியாத வயதில்தான் இருக்கிறார். அவர் கையில் ஒரு குவார்ட்டர் இருந்தால், அதற்கு முன்பே யாரோ ஒரு விற்பனையாளர் விதியை மீறியிருக்கிறார், அல்லது யாரோ ஒரு பெரியவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கல்லூரி விசாரணை இந்த முதல் மீறலை நோக்கித் திரும்புவதே இல்லை.

தூரக் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. அதே விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்றப் பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமோ கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், பீடி சிகரெட் விற்பதைத் தடுக்கிறது. ஆக, அருப்புக்கோட்டை போன்ற நகராட்சியில் ஒரு கல்லூரி வாசலுக்குப் பெட்டிக்கடையைவிட மதுக்கடை நெருக்கமாக இருக்கச் சட்டம் இடம் தருகிறது.

2016 டிசம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 20,000 பேருக்குக் குறைவான உள்ளாட்சிகளில் இந்தத் தூரம் 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நெடுஞ்சாலை ஊரான பந்தல்குடி போன்ற இடங்களுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்துவது. ஆனால் சாலையோரத்தில் மூடிய கடைகளைக் குடியிருப்புகளுக்கு உள்ளே திறக்க முயன்றபோது 2017இல் மாநிலமெங்கும் பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். தூரத்தை மட்டும் அளந்தால் கடை இடம் மாறுமே தவிர, விற்பனை குறையாது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

கடை திறக்கும் நேரம் இப்போது பகல் 12 மணி. ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரிகளில் முற்பகல் வகுப்பு முடிவதும் நடுப்பகலை ஒட்டியே. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காகப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் அந்த நேரமே மாணவருக்கு ஆபத்தான நேரம். கல்லூரி வாசலிலிருந்து அளக்கும் எந்த விதியும் பேருந்து நிலையத்தை அளப்பதில்லை.

3.2 கஞ்சா: மூன்று படிகள்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் அளவை வைத்துக் குற்றத்தைப் பிரிக்கிறது. கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. வைத்திருப்பதிலிருந்து வேறாக, பயன்படுத்துவதற்கென்றே 27ஆம் பிரிவு இருக்கிறது. கஞ்சாவைப் பொறுத்தவரை அதன்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கல்லூரி விதிகளில் எதிரொலிக்காத மூன்று பிரிவுகள் இச்சட்டத்தில் உண்டு. முதலாவது 64ஏ. 27ஆம் பிரிவிலோ சிறு அளவு வழக்கிலோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அவர்மேல் வழக்கு நடத்துவதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தக் காப்பைத் திரும்பப் பெறலாம். இரண்டாவது 32பி. கல்வி நிலையத்திலோ அதன் அருகிலோ, மாணவர் கூடும் இடத்திலோ குற்றம் நடந்திருந்தால், குறைந்தபட்சத் தண்டனைக்கு மேல் விதிக்க நீதிமன்றம் அதைக் கணக்கில் கொள்ளலாம். மூன்றாவது 25. தன் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் இத்தகைய குற்றம் நடக்கத் தெரிந்தே விடுகிறவரும் தண்டனைக்கு உரியவர்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் சட்டத்தின் மனம் தெளிவாகிறது. வாசலில் பொட்டலம் விற்பவனுக்குக் கூடுதல் தண்டனை. தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்ளும் இடப் பொறுப்பாளருக்குத் தண்டனை. சிகிச்சைக்கு வரும் அடிமைக்குக் காப்பு. கல்லூரி விதி இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குகிறது. விற்பவன் பெரும்பாலும் வெளியாள் என்பதால் அவன் விதிக்கு அப்பால் நிற்கிறான். கல்லூரி தன் பெயரைக் காக்க விஷயத்தை அமுக்குகிறது. பிடிபடும் மாணவர் மட்டும் வெளியேறுகிறார்.

3.3 நோயாளியின் உரிமை

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவும், அவருடைய சிகிச்சை விவரங்கள் இரகசியமாக இருக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவும் சொல்கின்றன. டைபாய்டு காய்ச்சலில் படுத்த மாணவரின் மருத்துவச் சான்றிதழை ஏற்கும் துறைத்தலைவர், போதை மீட்பு வார்டில் இருந்து வந்தவரின் சான்றிதழையும் அதே மரியாதையோடு வாங்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

4. கல்லூரி விதியின் குறைகள்

4.1 வேறுபாடின்மை

நண்பர் பிறந்தநாளில் முதல்முறை பீர் குடித்தவர், ஒவ்வொரு நாளும் கை நடுங்காமலிருக்கக் குடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டவர், பத்துப் பொட்டலம் வாங்கி வகுப்பில் விற்றவர். இம்மூவருக்கும் ஒரே தண்டனை என்றால், அது முதலாமவருக்கு அநீதி, இரண்டாமவருக்குக் கைவிடல், மூன்றாமவருக்கு மிகக் குறைவு.

4.2 நாள் கணக்கு

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், அதில் 75 விழுக்காடு வருகை என்பது நம் பல்கலைக்கழகங்களில் பரவலான நடைமுறை. அதன்படி ஒரு மாணவர் விடக்கூடியது 22 நாள். குடிக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மதி மயங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம். உடலைத் தெளிவிக்க ஒரு வாரம், பத்து நாள். பிறகு ஆலோசனையோடு சில வாரம். பழக்கத்தால் ஏற்கெனவே விட்டுப்போன நாள்களோடு இந்தச் சிகிச்சை நாள்களும் சேர்ந்தால் 22 என்ற வரம்பு தாண்டிவிடும். குணமாகித் திரும்பும் மாணவரைத் தேர்வு எழுத முடியாத நிலை வரவேற்கும். எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்காமலேயே, வருகைப் பதிவேடு அவரை வெளியேற்றிவிடுகிறது.

4.3 டி.சி.யின் ஒரு வரி

டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘நன்று’ என்று எழுதியிருந்தால் யாரும் அதைப் படிப்பதில்லை. வேறொன்று எழுதியிருந்தால், அடுத்த கல்லூரியின் சேர்க்கை மேசையில் முதலில் படிக்கப்படுவது அந்தக் கட்டம்தான். படித்த உறவினரோ சிபாரிசோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வரியை அழிக்க வழியே கிடையாது. தண்டனைக்குக் கால வரம்பு வேண்டும் என்பது குற்றவியலின் பாலபாடம். டி.சி.யில் எழுதிய தண்டனைக்குக் கால வரம்பு இல்லை.

5. வறள்நிலத்தில் நீக்கத்தின் விளைவு

நகரத்து வசதியான மாணவர் நீக்கப்பட்டால் வேறு ஊரில் பணம் கட்டிச் சேர்வார். பந்தல்குடிப் பக்கத்து மாணவர் நீக்கப்பட்டால் வேலைக்குப் போகிறார். விடியற்காலை வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்கோ, லாரியில் கிளீனராகவோ, திருப்பூருக்கோ, கேரளத்துக்கோ. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் கிடைத்துவந்த 1,000 ரூபாயும், பேருந்துச் சலுகையும் அன்றோடு நின்றுபோகும். கையில் நடுக்கத்தோடு பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பதும், போதையோடு நான்குவழிச் சாலையில் வண்டி ஓட்டுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் தண்டிக்கிறது. ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே விபத்து நடந்துவிடலாம்.

கல்லூரியில் இருந்தவரை அவரைத் தினமும் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். படிப்பு முடிக்க வேண்டும் என்ற காரணம் ஒன்று இருந்தது. நீக்கம் இரண்டையும் பறித்து, உடல் வலிக்குக் குடிப்பதே வழக்கமான உழைப்பிடத்துக்கு அவரை அனுப்புகிறது. பழக்கத்தைத் தடுக்க எழுதிய விதி, பழக்கம் வேர்விடும் நிலத்துக்கே மாணவரைப் பெயர்த்து நடுகிறது.

சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்பு மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அந்த ஆய்வை நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016 டிசம்பர் 14 அன்று. நெடுஞ்சாலைத் தீர்ப்பு மறுநாள். முதல் தீர்ப்பு பாதிக்கப்பட்டவர்களை எண்ணச் சொன்னது. இரண்டாவது கடைக்கு உள்ள தூரத்தை அளக்கச் சொன்னது. அளந்ததை ஊரே பேசியது. எண்ணியதில் கிடைத்த ‘38இல் ஒருவர்’ என்ற உண்மைதான் கல்லூரி விதியை மாற்றி எழுதப் போதுமான காரணம்.

6. ஒப்பீடு

6.1 ராகிங் சட்டம்

தமிழகக் கல்லூரிகளுக்குத் தெரிந்த முன்மாதிரி ஒன்று கையிலேயே இருக்கிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தவருக்கு அது தண்டனை விதித்தது. கூடவே, புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் அக்குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது ஏற்பாட்டால் முதல்வர்கள் தாமே விடுதிகளுக்குப் போனார்கள், குழுக்கள் அமைந்தன, பலகைகள் எழுந்தன. கடமை மேலே ஏறியதும் விதி உயிர்பெற்றது. போதை விதியில் அந்தக் கடமை இன்னும் மேலே ஏறவில்லை.

6.2 அமெரிக்க முறை

1989இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டம், கூட்டரசு நிதி பெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கடமை விதித்தது. ஒழுங்கு விதி, சட்டத் தண்டனை, உடல்நலக் கேடு, கிடைக்கும் சிகிச்சை, கல்லூரி எடுக்கும் நடவடிக்கை என ஐந்தையும் எழுத்தில் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த விதி பலன் தந்ததா என்று தானே பரிசீலிக்க வேண்டும். 2002இல் கார்னெல் பல்கலைக்கழகம் இன்னொரு படி போனது. மயங்கி விழுந்த நண்பருக்காக உதவி கேட்டு அழைப்பவர்மேலும், அந்த நண்பர்மேலும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று அறிவித்தது. அதன்பின் உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின.

இந்தக் கருத்து நமக்குப் புதியதல்ல. சாலை விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றுகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று நம் மோட்டார் வாகனச் சட்டமே 2019இல் 134ஏ பிரிவைச் சேர்த்துக்கொண்டது. சாலையில் கிடப்பவருக்குத் தந்த பாதுகாப்பை, வாந்தி எடுத்து மயங்கிக் கிடக்கும் வகுப்புத் தோழனைத் தூக்கி வருகிறவனுக்கும் தரலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் நஞ்சில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் கண்ணையும் உயிரையும் பறிப்பது. அப்படிப்பட்ட வேளையில் ‘கல்லூரிக்குத் தெரிந்தால் டி.சி.’ என்ற பயத்தில் நண்பர்கள் தயங்கி நிற்கக் கூடாது.

7. பரிந்துரைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு தன் இணைவுக் கல்லூரிகளுக்கு வகுக்கத்தக்க விதிகள் இவை.

7.1 பிரிவினை. விற்பவர், பயன்படுத்தியவர், அடிமையானவர் என மூன்று பிரிவு. விற்பனைக்குக் காவல்துறைப் புகாரும் நீக்கமும். முதல்முறைப் பயன்பாட்டுக்கு எச்சரிக்கையும் கட்டாய ஆலோசனையும். அடிமையானவருக்குச் சிகிச்சை. நீக்கம் என்பது விற்பனைக்கும், சிகிச்சை வாய்ப்பைத் திரும்பத் திரும்ப மறுத்தவருக்கும் மட்டும்.

7.2 தானே வருபவருக்குக் காப்பு. 64ஏ பிரிவை ஒட்டி, பிடிபடுவதற்கு முன் தானாக உதவி கேட்டு வரும் மாணவர்மேல் எந்த ஒழுங்கு நடவடிக்கையும் கூடாது.

7.3 காப்பாற்றியவருக்குக் காப்பு. மயங்கிய நண்பரை மருத்துவமனைக்குக் கொண்டுவருபவரை, அவரும் குடித்திருந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது.

7.4 வருகை. போதை மீட்புச் சிகிச்சை நாள்களை மற்ற நோய்க்கான விடுப்பு நாள்களாகவே கருத வேண்டும். சான்றிதழில் நோயின் பெயர் தேவையில்லை. மருத்துவமனை முத்திரையும் தேதிகளும் போதும்.

7.5 டி.சி. பயன்பாடு பற்றிய குறிப்பு டி.சி.யில் இடம்பெறக் கூடாது. ஒழுங்குக் கோப்பு பட்டத்தோடு மூடப்பட வேண்டும்.

7.6 சோதனை. போதைப்பொருள் சட்டம் சோதனை அதிகாரத்தை அரசு அதிகாரிகளுக்கே தந்திருக்கிறது. வார்டனோ உடற்பயிற்சி ஆசிரியரோ மாணவரின் உடலைச் சோதிக்கக் கூடாது. சிறுநீர்ச் சோதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஐயம் இருந்தால் இரண்டு ஆசிரியர் முன்னிலையில் பை சோதனை, அதைப் பற்றிய எழுத்துப் பதிவு, மாணவர் தரப்பைக் கேட்ட பிறகே முடிவு.

7.7 பேருந்து வழி. கல்லூரியின் போதை எதிர்ப்புக் குழு வாசலோடு நிற்காமல், மாணவர் ஏறி இறங்கும் நிறுத்தங்களையும் பருவத்துக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும். 21 வயதுக்குக் கீழானவருக்கு மது விற்கும் கடை, 100 கஜத்துக்குள் புகையிலை விற்கும் கடை, மருத்துவர் சீட்டின்றி வலி மாத்திரை விற்கும் மருந்துக்கடை என ஒவ்வொன்றைப் பற்றியும் மாவட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் தருவது அதன் கடமை.

7.8 எழுத்தும் பரிசீலனையும். விதி முழுவதும் தமிழில், பெற்றோர் படித்துப் புரியும் நடையில், ஆண்டுதோறும் கொடுக்கப்பட வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டும் அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர், மாணவர், பெற்றோர், அரசு மருத்துவர் அடங்கிய குழு, பெயர் வெளியிடாமல் எண்ணிக்கையோடு பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை தர வேண்டும்.

8. மறுப்புகளும் விடைகளும்

8.1 இளகிய விதி பழக்கத்தை வளர்க்காதா? விற்பனைக்குரிய தண்டனையை இந்த வரைவு தளர்த்தவில்லை. காவல்துறைப் புகாரைக் கட்டாயமாக்கி அதைக் கூட்டுகிறது. பயனாளருக்குத் தளர்வு தருவது உண்மையை வெளியே கொண்டுவர. நீக்கப் பயம் இருக்கும்வரை எந்த மாணவரும் தனக்கு யார் விற்றார் என்று சொல்லப் போவதில்லை.

8.2 கல்லூரியின் பெயர் கெடாதா? இந்தக் கவலையை எளிதாக ஒதுக்க முடியாது. ‘அந்தக் காலேஜ்ல கஞ்சாவாம்’ என்ற ஒரு பேச்சு போதும், சுற்று வட்டாரத்தில் முதலில் படிப்பை இழப்பவர்கள் பெண்பிள்ளைகள். கஞ்சாவைத் தொட்டே பார்க்காத மகளின் படிப்பு, அப்பாவின் பயத்தால் நின்றுபோகும். ஆனால் அமுக்கி வைத்த செய்திதான் வதந்தியாகப் பெருகுகிறது. எல்லாக் கல்லூரிகளும் ஒரே நாளில் ஒரே படிவத்தில் அறிக்கை தரும்போது, எந்த ஒரு கல்லூரியும் தனித்து நின்று பெயர் கெடாது. விதியைத் தனிக் கல்லூரி வகுக்காமல் பல்கலைக்கழகம் வகுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

8.3 பெற்றோரிடம் மறைப்பதா? 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் அறிந்தே ஆக வேண்டும். அதற்கு மேற்பட்டவர் விஷயத்தில், மாணவரின் இசைவோடு ஆலோசகர் முன்னிலையில் சொல்வதே முறை. தந்தையே குடிக்கு அடிமையாக இருக்கும் வீடுகளில் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்பது உதவியாகாது. தாயையோ தாய்மாமனையோ அக்காவையோ தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கு வேண்டும்.

8.4 சிறிய கல்லூரியில் இதற்கு ஆள் ஏது? ஒவ்வொரு கல்லூரியிலும் மனநல மருத்துவர் இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர்களுக்கு முதல்நிலை ஆலோசனைப் பயிற்சி, அரசு மருத்துவமனையோடு எழுத்துபூர்வமான ஏற்பாடு, அழைத்துப்போய் வரும் செலவுக்குச் சிறு நிதி. 2022 ஆகஸ்டு 11 அன்று தமிழக அரசு தொடங்கிய போதைப்பொருள் ஒழிப்பு இயக்கத்தை ஒட்டிக் கல்லூரிகளில் மன்றங்கள் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று நடக்கும் பேரணியோடும் உறுதிமொழியோடும் நின்றுவிடும் அந்த மன்றங்களுக்கு, ஆண்டு முழுதும் செய்ய ஒரு வேலையை இந்த விதி தரும்.

முடிவுரை

மாணவர் குடிக்கக் கூடாது, கஞ்சாவைத் தொடக் கூடாது என்பதில் இக்கட்டுரைக்கு இரண்டாவது கருத்து இல்லை. குடியால் அழிந்த வீடுகளை இந்த நிலம் போதுமான அளவு பார்த்துவிட்டது. அதனாலேயே விதி உண்மையில் வேலை செய்ய வேண்டும். நாடாளுமன்றம் 64ஏ பிரிவிலும் மனநலச் சட்டத்திலும் காட்டிய தெளிவைக் கல்லூரி விதி இன்னும் எட்டவில்லை. ராகிங் சட்டம் முதல்வர்கள்மேல் வைத்த பொறுப்பைப் போதை விதி இன்னும் வைக்கவில்லை. இவ்விரண்டையும் சரிசெய்யப் புதிய சட்டம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. பல்கலைக்கழகக் கல்விக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். அடுத்த ஆண்டுச் சேர்க்கைப் படிவம் அச்சுக்குப் போகும் முன் அந்தத் தீர்மானம் வர வேண்டும். பந்தல்குடியிலிருந்து பஸ் ஏறி வரும் அடுத்த மாணவர், கையெழுத்துப் போடும் தாளில் தனக்கு விதித்த தடையைப் படிப்பதோடு, தவறி விழுந்தால் போக வேண்டிய இடத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அங்கேயே படிக்க வேண்டும்.